தலை நின்ற பிறகும்

மலேசியாவின் கம்போங் மேடானில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் யார் காலெடுத்து வைத்தாலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “தலை நின்னுடுச்சா?” நின்றுவிட்டது என்று தாய் சொன்னதும் வந்தவர் தயக்கமில்லாமல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். இன்னும் இல்லை என்றால் உள்ளங்கையை விரித்து, பிடரிக்கு அடியில் கொடுத்து, தலையும் முதுகும் ஒரே பலகைபோல வருமாறு ஏந்துவார். பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டிமார்களும் இதில் தவறியதில்லை. பச்சைக் குழந்தையின் கழுத்தைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது முழுக்கச் சரி. இந்த அத்தியாயத்தின் அறிவியலும் அந்த உள்ளங்கையில்தான் இருக்கிறது.

என் தங்கை மகள் அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். அவள் பெண் குழந்தைக்கு எட்டு மாதம். முசிறிப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்பதால், கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-யிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். பயணத்துக்கு முந்திய வாரம் போயிருந்தபோது, கூடத்து நடுவே சாரோங் தொட்டில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், சுவரோரமாக, காரில் வைக்கும் பேபி சீட்.

“மாமா, ரெண்டு வயசுக்குள்ள புள்ளைய மடியிலேயே வச்சுக்கலாம்னு போட்டிருக்கு. தலையும் நல்லா நின்னுடுச்சு. அப்புறம் எதுக்கு இதையும் தூக்கிக்கிட்டு அலையணும்?”

நியாயமான கேள்வி. பதில் கழுத்திலிருந்து தொடங்குகிறது.

தலை நிற்பது தசையின் வேலை. மூன்றாவது, நான்காவது மாதத்தில் பிடரித் தசைகள் தலையின் எடையைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கின்றன. அதனால் தூக்கும்போதும் இடுப்பில் வைத்து நடக்கும்போதும் தலை சாய்வதில்லை. ஆனால் உள்ளே எலும்பு அந்த வேகத்தில் வளர்வதில்லை. பிறந்த குழந்தையின் கழுத்து முள்ளெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டுகளாக, நடுவில் குருத்தெலும்பால் ஒட்டப்பட்டு இருக்கிறது. துண்டுகள் முற்றிலும் எலும்பாகி ஒன்று சேர 3 முதல் 6 வயது வரை ஆகிறது. அவற்றைக் கட்டியிருக்கும் தசைநார்களும் தளர்வானவை. இழுத்தால் முள்ளெலும்புத் தொடர் ரப்பர்போல நீளும். அதற்குள் ஓடும் தண்டுவடம் நீளாது. மருத்துவ நூல்களில் வெகுகாலமாக எடுத்தாளப்படும் ஓர் அளவு உண்டு: சிசுவின் முதுகெலும்புத் தொடர் அறுந்துவிடாமல் 5 சென்டிமீட்டர் வரை நீளக்கூடும், தண்டுவடம் தாங்குவதோ சுமார் 6 மில்லிமீட்டர். வெளியே காயமே தெரியாமல் உள்ளே எல்லாம் முடிந்துபோகக்கூடும் என்பது இதன் பொருள்.

இத்தனை மெல்லிய தண்டின்மேல் இயற்கை வைத்திருப்பது பெரிய தலை. வளர்ந்த ஆளுக்குத் தலை உடல் எடையில் 6 விழுக்காடு அளவுதான். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஏறக்குறைய கால் பங்கு. எங்கள் வீட்டுப் பெண் 8 கிலோ. தலை மட்டும் 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதோ மோதி, பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது. விநாடிக்குச் சுமார் 14 மீட்டர் என்ற வேகம் அந்தக் கண நேரத்தில் பூஜ்யமாக வேண்டும். கணக்குப் போட்டால் புவியீர்ப்பைப்போல 14 மடங்கு. இதை 14 ஜி என்பார்கள். மடியில் இருக்கும் 8 கிலோ குழந்தை அந்த நொடியில் 112 கிலோவாகக் கனக்கிறது. கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பைகள் 11 ஒன்றாகச் சேர்ந்து, முன்னறிவிப்பில்லாமல் கையை விட்டுப் பாய்வதைப்போல. எந்தத் தாயின் பிடியும், அவள் எவ்வளவு உயிராக நேசித்தாலும், அதைத் தாங்காது. இதைச் சொல்லும்போது தாய்மார் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அவர்களுடையது இல்லை. மனிதக் கையின் அளவு அவ்வளவுதான்.

சரி, மடியில் இல்லாமல் முன்னோக்கிய இருக்கையில் வாரால் கட்டியிருந்தால்? மார்பு வாரில் நிற்கும், தலை நிற்காது. அதே 14 மடங்கில் 2 கிலோ தலை 28 கிலோவாகி முன்னால் பாயும். அந்த இழுப்பு முழுவதையும் வாங்குவது, துண்டுகள் இன்னும் ஒட்டாத அந்தக் கழுத்து. குழந்தையைத் திருப்பி, முதுகு வண்டியின் முன்பக்கம் பார்க்க வைத்தால் கதை மாறுகிறது. மோதும்போது தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கையின் ஓட்டுக்குள் அழுந்துகின்றன. விசை குறைவதில்லை, முதுகின் பரப்பு முழுவதும் பரவிக்கொள்கிறது. கழுத்துக்கு இழுப்பே அநேகமாக இல்லை. பாட்டியின் உள்ளங்கை செய்வதும் இதுதான்.

சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் பெர்ட்டில் ஆல்ட்மேன் 1960-களின் தொடக்கத்தில் இதை இருக்கையாக்க முனைந்தார். விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்து, ராக்கெட்டின் உந்துதலை முதுகால் வாங்கியதுதான் அவருக்குத் தூண்டுதல். 1964-இல் அவருடைய முதல் மாதிரி ஒரு வோல்வோ காரில் சோதிக்கப்பட்டது. சுவீடனில் இன்றும் நான்கு வயது வரைகூடக் குழந்தைகளைப் பின்னோக்கியே உட்காரவைக்கிறார்கள்.

விமானத்துக்கும் இந்தச் சிந்தனை புதிதல்ல. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் 1947-இல் ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு, முதலில் பின்னோக்கி உட்கார்ந்துதான் ஓடி நின்று பார்த்தார். பின்னோக்கி அமர்ந்த உடல் எவ்வளவு தாங்குகிறது என்று கண்ட அவர், பயணிகள் விமானங்களிலும் இருக்கைகளைத் திருப்ப வேண்டும் என்று வாதாடினார். பிரிட்டிஷ் விமானப்படையின் விசி 10 போக்குவரத்து விமானங்களில் அப்படியே திருப்பியும் வைத்தார்கள். பயணிகள் விமான நிறுவனங்கள் ஏற்கவில்லை. பின்னோக்கிய இருக்கையில் ஆளின் பாரம் முழுவதும் முதுகுச் சாய்மானத்தில் விழுவதால் இருக்கை கனமாக வேண்டும். கனம் என்றால் எரிபொருள். போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காரப் பயணிகளும் விரும்பவில்லை. ஆனாலும் அடுத்த முறை விமானம் ஏறும்போது முன்வாசலை ஒட்டி மடக்கு இருக்கையில், நம் முகத்தைப் பார்த்தபடி உட்காரும் பணிப்பெண்ணைக் கவனியுங்கள். அவர் பறக்கும் திசைக்கு முதுகு காட்டி, இரண்டு தோளிலும் வார் மாட்டி, தலையைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்திருப்பார். விபத்துக்குப் பிறகு கதவைத் திறக்க வேண்டியவர் அவர்.

1988 முதல் புதிதாக வடிவமைக்கப்படும் பெரிய பயணிகள் விமானங்களின் இருக்கைகள் 16 ஜி சோதனையைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பயணிக்கும் சோதித்த இருக்கை, சோதித்த வார். நம் காப்பிக் குவளையைக்கூட இறங்கும்போது வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கிறார்கள். மடிக் குழந்தைக்கு மட்டும் எந்த இருக்கையும் இல்லை.

இதன் விலையை உலகம் பார்த்த நாள் 1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிக்காகோவுக்குப் பறந்த யுனைடெட் 232 என்ற டிசி 10 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து, திருப்பவும் தாழ்த்தவும் உதவும் ஹைட்ராலிக் முழுவதும் போய்விட்டது. விமானிகள் எஞ்சின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். விமானத்தில் 296 பேர். அவர்களில் 4 பேர் இருக்கையில்லாத கைக்குழந்தைகள். தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், அன்றைய பயிற்சி நூல் சொன்னபடியே, குழந்தைகளைத் தலையணை, போர்வையால் சுற்றித் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னார். மோதியபோது யாராலும் பிடிக்க முடியவில்லை. 112 பேர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவன் 22 மாதச் சிறுவன். சிதைவுக்கு வெளியே அவனுடைய தாய் ஜான் பிரவுனை எதிர்கொண்டார். தான் சொன்ன அறிவுரையின் பாரத்தை அந்தப் பணிப்பெண் அதன் பிறகு இறக்கி வைக்கவே இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் இருக்கை வேண்டும் என்று பல ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய்ப் பேசினார்.

நம் பக்கத்து விமானங்களில் மடிக் குழந்தைக்கு ஒரு குட்டி வார் தருவார்கள். தாயின் வாரில் கோத்துக் குழந்தையின் வயிற்றைச் சுற்றி மாட்ட வேண்டும். விமானம் குலுங்கும்போது குழந்தை பறந்துபோகாமல் இது காக்கும். அந்த அளவுக்கு நல்லது, தந்தால் மாட்டுங்கள். ஆனால் முன்னோக்கிய மோதலில் தாயின் உடல் இரண்டாக மடிந்து குழந்தையின்மேல் விழுகிறது. வார் மென்மையான வயிற்றில் அழுந்துகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் ஆய்வுக்கூடம் ஓக்லஹோமாவில் 1994-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளில் இது மோசமாகவே வந்தது. அமெரிக்காவில் புறப்படும்போதும் இறங்கும்போதும் இதற்கு அனுமதி இல்லை. அதே சோதனைகளில் நன்றாகத் தேறியவை பின்னோக்கிய குழந்தை இருக்கைகள். முன்னோக்கியவை அவ்வளவு தேறவில்லை. விமான இருக்கையின் வார் காரில் இருப்பதைவிட நிமிர்ந்து நிற்பதால், அது இறுகிப் பிடிக்கும் முன்பே குழந்தை இருக்கை முன்னால் வழுக்கிப்போனது.

மோதல்கள் அபூர்வம். குலுக்கல் அப்படியல்ல. தங்கை மகளுக்கு அதை விளக்க நான் தொட்டிலைத்தான் காட்டினேன். ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங்கைக் கீழே இழுத்து விட்டால், அடியில் திரும்பும் கணத்தில் ஸ்பிரிங் அதிகம் நீள்கிறது. குழந்தை அப்போது கனத்துப்போகிறாள். மேலே போய்த் திரும்பும் கணத்தில் துணி லேசாகத் தளர்கிறது. அவள் எடை குறைகிறது. கொஞ்சம் வேகமாக ஆட்டினால் துணிக்கும் முதுகுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வந்துவிடும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 321 விமானம் மியன்மாரின் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே சந்தித்தது இதன் கொடிய வடிவம். புலனாய்வுக் குழுவின் முதற்கட்டத் தகவல்படி, 1.35 ஜி-யாக இருந்த அளவு 0.6 விநாடியில் மைனஸ் 1.5 ஜி ஆனது. வார் போடாதவர்கள் கூரைக்குப் பறந்தார்கள். அடுத்த 4 விநாடியில் அது பிளஸ் 1.5 ஜி ஆகி அவர்களைக் கீழே அறைந்தது. விமானம் இறங்கிய உயரம் 54 மீட்டர்தான். ஒரு பயணி இறந்தார். பலர் கழுத்திலும் முதுகிலும் அடிபட்டு, விமானம் திருப்பிவிடப்பட்ட பேங்காக்கின் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். இது நடந்தது நடுவானில், காலை உணவு பரிமாறும் நேரத்தில்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கட்டாயமாக்கவில்லை? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990 முதல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விமானத் துறை மறுத்துவருவதற்குச் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது: குழந்தைக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் கிளம்பும், சாலையில் சாவு அதிகம். 2003-இல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, கட்டாயமாக்கினால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 0.4 குழந்தை உயிர் காப்பாற்றப்படும். ஆனால் 5 முதல் 10 விழுக்காட்டுக் குடும்பங்கள் காருக்கு மாறினாலே அந்த ஆதாயம் போய்விடும். 2005-இலும் கட்டாயமில்லை என்றே முடிவானது.

எனக்கு இந்த வாதத்தோடு பிணக்கு உண்டு. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வேண்டுமானால் அது பொருந்தும். ரஜூலா, சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல்கள் ஓடி முடிந்த பிறகு வங்கக் கடலைத் தாண்ட நமக்கு விமானத்தைத் தவிர வேறு வழி இல்லை. திருச்சிக்கு யாரும் காரில் போய்விட முடியாது. ஆனாலும் அந்த வாதத்துக்குள் இருக்கும் உண்மையை ஒதுக்கவும் மாட்டேன்: சாலைதான் பெரிய ஆபத்து. கம்போங் மேடானிலிருந்து கேஎல்ஐஏ வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம். அந்தப் பக்கம் திருச்சியிலிருந்து முசிறி. நான்கு மணி நேர விமானப் பயணத்தின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் அந்தச் சாலைத் துண்டுகளில்தான் இந்த இருக்கைக்கு வேலை அதிகம். “விமானத்துல போடவே முடியலேன்னாலும் இதை எடுத்துக்கிட்டுப் போ” என்று அவளிடம் சொன்னது இதனால்தான்.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கும் இ-ஹெய்லிங் வண்டிக்கும் கட்டாயமில்லை. விமான நிலையத்துக்கு நம்மில் பலர் போவது அவற்றில்தான். சட்டம் விலக்கு தந்ததால் விசையும் விலக்கு தந்துவிடாது. ஓட்டுநரிடம் ஐந்து நிமிடம் கேட்டு இருக்கையை மாட்டிக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பவர்கள் குறைவு.

விமானத்தில் மாட்டுவதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்க இருக்கைகளுக்கானவை. அவற்றில், காரிலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும். மலேசியச் சட்டம் ஏற்பது ஐநா-வின் ஆர் 44, ஆர் 129 தரங்களை. வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் உள்ள ஒட்டி அதன் அடையாளம். இந்தத் தரத்துக் கைக்குழந்தை இருக்கைகளில் பல, தோளைக் கடக்கும் மூன்றுமுனை வாரால் மட்டுமே கட்டக்கூடியவை. மற்றவை காரின் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுபவை. விமானத்தில் இருப்பதோ இடுப்பு வார் மட்டும். கொக்கியும் இல்லை, காரில் வைக்கும் அடித்தளத்துக்கும் முட்டுக்காலுக்கும் இடமும் இல்லை. ஆகவே கையேட்டைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். விமானத்தில் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா? இடுப்பு வாரால் மட்டும் பின்னோக்கிக் கட்ட வழி காட்டியிருக்கிறதா? இரண்டும் இருந்தால் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, ஏற்பார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதம். குழந்தைக்குத் தனி டிக்கெட் வேண்டும். அது எல்லோருக்கும் கைக்கெட்டும் செலவல்ல என்பது எனக்குத் தெரியும். எடுக்க முடிந்தவர்கள் எடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

வைக்கும் இடம் சன்னலோரம். அவசர வாசல் வரிசையிலோ அதற்கு முன்பின் வரிசைகளிலோ வைக்க விடமாட்டார்கள். யாரும் தப்பி ஓடும் வழியை இருக்கை மறிக்கக் கூடாது. இருக்கையின் அகலம் 40 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலும் கைப்பிடிகளுக்கு நடுவே இறங்கிவிடும். பின்னோக்கி வைப்பதில் நெருக்கடி அகலத்தில் இல்லை, நீளத்தில். முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சாய்மானம் சாயாது. அவர் வந்து உட்கார்ந்ததும், “அண்ணே, புள்ள சீட்டு, நாலு மணி நேரம் பொறுத்துக்குங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீல நிறம் குறித்த வழியில் வாரை நுழைத்து, கையால் இருக்கையை அழுத்திக்கொண்டே இழுத்து இறுக்குங்கள். பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தாடை மார்பில் கவிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிமிர்வு அதிகமானால் சிறிய மூச்சுக்குழல் மடங்கும். சுவரில் மாட்டித் தரும் தொட்டில் தூங்கவைக்க மட்டும்தான். வார் விளக்கு எரிந்ததும் குழந்தையை எடுத்துவிட வேண்டும்.

தங்கை மகளுடைய இருக்கை மூன்றுமுனை வார் வகை. விமானத்தில் கட்ட வழி இல்லை. சோதித்துப் பார்த்தபோது அவளுக்கு ஏமாற்றம்தான். கடைசியில் குழந்தை குட்டி வாரோடு மடியில் போனாள். இருக்கை நுரைத்தாள் சுற்றிப் பெட்டிகளோடு போனது. இறங்கியதும் ஓட்டில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், இல்லை.

திருச்சியில் வாடகைக் கார் காத்திருந்தது. பின்னிருக்கையில் வாரின் நாக்கு தொங்கியது. மாட்டும் கொக்கியைக் காணவில்லை. இந்தியாவில் 2019 சட்டத் திருத்தப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வாரோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் பல வண்டிகளில் கொக்கிகள் புதிய சீட் கவருக்கு அடியில் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். “யாரும் கேட்டதில்லம்மா” என்றாராம் ஓட்டுநர். பிறகு அவரே மண்டியிட்டு, கவரின் ஓரத்தைத் தூக்கி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு கடலைமிட்டாய்க் காகிதம் வந்தது, ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வந்தது, அப்புறம் கொக்கி வந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்து, நாக்கைச் செருகிப் பார்த்தார். “கிளிக்” என்றது. முசிறி போகும் வரை குழந்தை பின்கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.